மரம் முளைக்காத மூலைகள்

பிரபஞ்சத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. ஆனால் அது எங்கெங்கே குவிந்து கிடக்கிறது என்று தன்னால் விரல் வைத்துக் காட்ட முடியும். புத்தளத்திலிருந்து மறிச்சுக்கட்டிக்குப் போகும் பஸ்ஸில், மடியில் சோற்றுப் பார்சலோடு இருந்த உம்மாவிடம் றிபாத் இதைச் சொன்னபோது முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அவன் கம்பஸில் பௌதிகம் படிக்கிறான், மூன்றாம் வருஷம். எங்கோ எட்டாத் தூரத்திலிருந்து ஒரு வெளிச்சம் புறப்படுகிறது. நட்சத்திரக் கூட்டங்களுக்கு நடுவே கிடக்கும் ஐதரசன் வாயு, வழியில் அதில் சில நிறங்களைத் தின்றுவிடுகிறது. இங்கே வந்து சேரும்போது அந்த நிறமாலை பல்லுப் போன சீப்பு மாதிரி இருக்கும். எந்தப் பல் இல்லை என்று பார்த்தால் வாயு எங்கே திரண்டிருக்கிறது என்று தெரியும். அதை அங்கே இழுத்து வைத்திருப்பது அந்தக் காணாத பொருள்தான்.

"இல்லாததை வாசிக்கிறதுதான் உம்மா எங்கட வேலை."

உம்மா நசீறா பொறுமையாகக் கேட்டாள். பிறகு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி சண்டைக் காலத்தில் விட்டுவந்த வீட்டு வளவைத் தான் மண்ணை நாக்கில் வைத்தே கண்டுபிடிப்பேன் என்றாள். மவுத்தாகிப்போன அவள் புருஷன், றிபாத்தின் வாப்பா, கொண்டச்சிக் கரையில் மீன் எடுத்துக் கருவாடு போட்டவர். மீன் ஊறிய உப்புத்தண்ணீரை, வேலிக்கட்டையைக் கறையான் அரிக்காமலிருக்க, நாலு மூலையிலும் வருஷக்கணக்காக ஊற்றியவர். அந்த இடத்தில் புல்லாவது முளைக்குமா?

"நாக்கு ஒரு கருவியில்ல உம்மா. நீங்க மண்ணைத் திண்டு ஆராய்ச்சி செஞ்சா, நோபல் பரிசு தாற ஆக்களுக்கு வாந்தி வரும்."

முன் சீட்டுப் பெண் சிரித்தாள். உம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

மறிச்சுக்கட்டியில் காணி பதிய வந்த ஓர் அதிகாரி ஜீப்போடு நின்றார். பழைய குடியிருப்பின் அடையாளத்தைக் காட்டினால் வளவு. இல்லாவிட்டால் படிவத்தில் 'காடு'. பகல் பன்னிரண்டு மணியோடு பதிவு முடிந்துவிடும். காணி உறுதிப் பத்திரம் வீட்டோடு போய்விட்டது. வீடு மண்சுவரும் கிடுகுமாக இருந்ததால் மழையோடு போய்விட்டது. ஏன் ஊரை விட்டுப் போனீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏன் மரத்தை வளர விட்டீர்கள் என்பதுபோலத்தான் எல்லாக் கேள்வியும் இருந்தது.

உம்மா பற்றைக்காட்டுக்குள் புகுந்து, ஒரு மொட்டைத்தரையில் குந்தி, மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தாள். "இதுதான் எங்கட மூலை."

அதிகாரி டிரைவரைப் பார்த்துச் சிரித்தார். "அம்மா, நாக்கு ஒரு சாட்சியா? யானை மிதிச்ச இடமாயும் இருக்கலாம். ஒரு மொட்டைக்கு நான் எப்பிடி வளவு எழுதுறது?"

உம்மா முந்தானையால் வாயைத் துடைத்தாள். பஸ்ஸில் அடித்த தன் பகிடியே காற்சட்டை போட்டுக்கொண்டு, கையில் படிவத்தோடு நிற்பதை றிபாத் பார்த்தான். அந்தப் படிவத்தைக் கிழித்து அவர் வாய்க்குள் திணிக்கவேண்டும் போலிருந்தது.

"இந்தக் காட்டுக்கு இருபத்திரண்டு வயசு, சேர். எனக்கும் அதேதான். எங்களை வெளிய துரத்தினதாலதான் இது உள்ள வந்தது. அதையும் எழுதுங்கோ."

"தம்பி, கண்ணுக்குத் தெரியிறதை மட்டும்தான் நான் எழுதுவன்." அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் இருபது நிமிசம் இருக்கு."

வேலி எந்தப் பக்கம், காலால் அளந்தால் எத்தனை எட்டு நீளம் என்று றிபாத் உம்மாவிடம் கேட்டான். கையால் திசையைக் காட்டி, வாப்பாவின் காலுக்கு நாற்பது என்றாள். வாப்பா நெட்டை. றிபாத் காலை அகட்டி வைத்து எண்ணிக்கொண்டு போனான். முப்பத்தெட்டாவது எட்டில், ஒரு பாலை மரத்துக்கு அப்பால், சருகு மட்டும் கிடந்த பாய் அகலத் தரை. குந்தினான். சருகை ஒதுக்கி, விரலை எச்சிலால் நனைத்து மண்ணில் அழுத்தி, வாய்க்குள் வைத்தான்.

பிறகு ஒரு தடியை முறித்து அங்கே குத்திவிட்டு, கடற்கரைப் பக்கமாகத் திரும்பி மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினான். ஜீப் ஹோன் அடித்தது. முதல் மூலையில் உம்மா, அவன் நடை கோணாமலிருக்க, கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றாள்.