இரண்டாவது கயிறு

பிணவறை எழுத்தர் பிளாஸ்டிக் பையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினார். மேசைமேல் ஒரு ஃபோன் வந்து விழுந்தது. இன்னொரு முறை உலுக்கினார். பைக்குள் ஒரு கண்ணை விட்டுப் பார்த்தார். பிறகு பையை மடித்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டார். பையாவது நாளைக்கு யாருக்காவது ஆகும்.

"இவ்வளவுதாம்மா."

"வேற ஒண்ணும் இல்லையா?"

"பர்ஸ் இல்ல, கார்டு இல்ல, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. சட்டை பேன்ட்டு எல்லாம் துழாவிப் பாத்துட்டோம். பிச்சைக்காரன் பாக்கெட்லகூட நாலு பொருள் இருக்கும்மா. இவரு பாக்கெட்ட கடையில தச்சுக் குடுத்ததோட சரி, கை விட்டே பாத்ததில்ல போல."

அவள் எழுத்தரின் பதிவேட்டைத் தலைகீழாகவே படித்தாள். 'பெயர் தெரியாத ஆண். வயது ஐம்பத்தைந்திலிருந்து அறுபதுக்குள். நடைபாதையில் விழுந்து கிடந்தவர். உடைமை: கைபேசி ஒன்று, பூட்டியது.'

இப்படிப்பட்ட வரிகளை எழுதித்தான் அவள் இருபத்திரண்டு வருடமாகச் சம்பளம் வாங்குகிறாள். பார்சல் அலுவலகத்தில், போய்ச் சேராமல் திரும்பி வரும் பொருட்களின் பிரிவு. முகவரி கிழிந்துபோன பெட்டிக்கு உள்ளே தங்கமே இருந்தாலும் அது யாருடையதும் இல்லை. ஏழு நாள் அலமாரியில் கிடக்கும், அப்புறம் ஏலம். நேற்று சாயங்காலத்திலிருந்து இன்று காலை பத்து மணி வரை அவள் புருஷனும் அப்படித்தான் ஓர் அலமாரியில் கிடந்திருக்கிறார். விஷயம் காதில் விழுந்ததும் அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை. 'வேணும் இவருக்கு' என்றுதான் வந்தது.

பக்கத்தில் நின்ற மகன் தன் ஃபோனை நீட்டி, அப்பாவின் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். எழுத்தர் படத்தைப் பார்த்தார், தாளில் ஏதோ குறித்தார்.

"ராத்திரி பணியில இருந்த பசங்க அவரு முகத்துக்கு நேரா ஃபோனைப் பிடிச்சுப் பாத்தாங்களாம், திறக்குதான்னு. திறக்கல. கண்ணு திறந்திருக்கணுமாமே?"

"ஆமா" என்றான் மகன்.

"நல்லா கண்டுபிடிச்சாங்க" என்றார் எழுத்தர்.

வராந்தாவில் இரும்பு பெஞ்சு போட்டிருந்தது. உடலைக் கொடுக்க இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவள் உட்கார்ந்தாள். ஃபோன் மடியில் கிடந்தது. கறுப்பு ரப்பர் உறை, ஒரு மூலையில் மட்டும் தேய்ந்து வெளுத்திருந்தது. கீழே விழுந்தபோதும் கண்ணாடி உடையவில்லை. ஆளைவிட அதற்கு ஆயுசு கெட்டி.

தெருவில் அவருக்குக் 'கைவீசி' என்று பெயர். எங்கே போனாலும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போவார், எங்கிருந்து வந்தாலும் வீசிக்கொண்டு வருவார். பர்ஸைக் குப்பைத்தொட்டியில் போட்ட நாளை அவர் பிறந்தநாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தார். வங்கிக் கார்டுகளைக் கத்தரிக்கோலால் அவளையே வெட்டச் சொன்னார். வீட்டுக் கதவுக்கும் எண்ணைத் தட்டித் திறக்கும் பூட்டு வந்தது. "மனுஷன் எதுக்கு மூட்டை சுமக்கணும்? எல்லாம் இதுல இருக்கு" என்று ஃபோனை உள்ளங்கையில் வைத்துத் தட்டிக் காட்டுவார். கேட்கிறவன் காய்கறிக்காரனாக இருந்தாலும் சரி, காது மந்தமான எதிர்வீட்டுக்காரராக இருந்தாலும் சரி, பாடம் பாதியில் நிற்காது. சில்லறை எண்ணிக் கொடுக்கிறவர்களைப் பார்த்தால் அவர் முகத்தில் ஒரு இரக்கம் வரும். தொட்டில் குழந்தையைப் பார்ப்பது மாதிரி. அந்த இரக்கத்தைத்தான் அவளால் சகிக்க முடிந்ததில்லை.

இத்தனைக்கும் அவர் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். புதிதாகச் சேருகிறவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து வகுப்பெடுப்பார். "ஒரு லிஃப்ட்டைத் தாங்க ஒரு கயிறு போதும். ஆனா நாம ஆறு போடறோம். ஏன்? அறுந்தா அடுத்தது இருக்கணும். அடுத்தது இல்லாத எதையும் நம்பி ஏறாதீங்கடா." சமையலறையில் இருந்தபடி அவள் இதை நூறு தடவை கேட்டிருக்கிறாள். பெட்டிக்கு ஆறு கயிறு, சொன்னவருக்கு ஒன்று.

போன வருஷம் டாக்டர், நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை எழுதிக்கொடுத்து, எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்றார். அது அலமாரியில் இருந்தது. "தெருவுக்கு ரெண்டு மருந்துக்கடை. கையில ஃபோன். அப்புறம் பாக்கெட்ல எதுக்குடி அது குலுங்கிக்கிட்டு?"

அவருக்கும் அடுத்த கயிறு ஒன்று இருந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், ஃபோன் உறையைக் கழற்றி, ரூபாய் நோட்டு ஒன்றை நாலாக மடித்து உள்ளே வைத்து மாட்டிவிட்டாள். பாசம் என்று சொல்ல முடியாது. என்றைக்காவது நடுத்தெருவில் மூக்குடைபட்டு, வேறு வழியில்லாமல் அதை எடுத்து நீட்டுவார். அந்த முகத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். அதற்காகத்தான் வைத்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

பத்து நாள் முன்பு அது வெளியே வந்தது. வகுப்புக்கு நாலு பேர் வந்திருந்தார்கள். ஃபோன் சூடாகிறது என்று உறையைக் கழற்றினார். நோட்டு தரையில் விழுந்தது. செத்த கரப்பானைத் தூக்குவது போல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"பாத்தீங்களாடா? என் பொண்டாட்டி எனக்கு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கா!"

நாலு பேரும் சிரித்தார்கள். மேலதிகாரி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

"எந்தக் காலத்து மனுஷிடி நீ? சரி, கிடக்கட்டும். உன் ஆசைக்கு நான் ஏன் குறுக்க நிக்கணும்?" என்று அவள் கண்முன்னாலேயே நோட்டைப் பழைய இடத்தில் வைத்து உறையை மாட்டினார். ஏதோ பிச்சை போட்ட மாதிரி. மறுநாள் காலை அவர் குளிக்கப் போனதும் அவள் உறையைக் கழற்றி நோட்டை எடுத்தாள். தன் பர்ஸின் பின்னறையில் வைத்தாள். போ, ஒற்றைக் கயிற்றிலேயே தொங்கு. அந்த நோட்டைச் செலவழிக்கவும் மனம் வரவில்லை. செலவழித்தால் கோபமும் செலவாகிவிடும் போலிருந்தது.

நேற்று ராத்திரி அவர் வராதபோது எங்காவது லிஃப்ட் மாட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். மாதத்தில் இரண்டு முறை நடப்பதுதான். தூங்கினாள். நன்றாகவே தூங்கினாள்.

"அண்ணீ..."

நாத்தனார் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கைகளை விரித்தபடி வந்தாள். மூக்குக்குக் கைக்குட்டை, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. அண்ணன் உயிரோடு இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தவள்.

"எங்க அண்ணன் அனாதைப் பொணமா கிடந்தானாமே! ஊருக்கே புத்தி சொன்னவனாச்சே!"

"அதான்" என்றாள் அவள்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு தரம் பார்த்தாள். அழுகையை எந்த இடத்தில் விட்டோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினாள். பிறகு பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து, யாருக்கோ ஃபோன் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் மருந்துக்கடைக்காரர் வந்தார். காலையில், அப்பாவின் ஃபோன் அணைந்திருக்கவே, மகன் படத்தைக் காட்டி விசாரித்தபோது, நேற்று கடைக்கு வந்ததாக முதலில் சொன்னவர் அவர்தான். கடைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவள் முன்னால் நின்று, உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல், நின்றுகொண்டே பேசினார்.

"என் மேல தப்பில்லம்மா. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

"உங்களை யாரு தப்பு சொன்னா?"

"நேத்து ஆறு, ஆறேகால் இருக்கும். வேர்த்து ஊத்திக்கிட்டு வந்தாரு. அந்த மாத்திரையைக் கேட்டாரு. எடுத்து மேசையில வச்சேன். ஃபோனை நீட்டினாரு. நேத்து அந்நேரம் எங்க பக்கம் யாருக்குமே பணம் போகலம்மா. சக்கரம் சுத்துது, சுத்துது, நின்னுபோகுது. திரும்பவும் போட்டாரு. திரும்பவும் சுத்துது. நான் சொன்னேன், 'சார், மாத்திரையை வாயில போடுங்க முதல்ல, காசு நாளைக்கு வருது'ன்னு. கேக்கல."

"கேக்க மாட்டாரு."

"'கடன் சொல்ற பரம்பரை இல்ல'ன்னாரு. 'இதோ வந்துரும்'னாரு. ஆறு தடவை போட்டிருப்பாரும்மா."

நாத்தனார் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். மகன் சுவரில் சாய்ந்தான்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் ஒண்ணு பண்ணாரு தம்பி. அதான் எனக்கு ராத்திரியெல்லாம்... இல்ல, ராத்திரி எனக்கு என்ன தெரியும். காலையில நீங்க வந்து சொன்னதுலேர்ந்து அதேதான் கண்ணுல நிக்குது. ஃபோன் கவரைக் கழட்டினாரு. உள்ள பாத்தாரு. கவரைக் கவுத்து உள்ளங்கையில தட்டிப் பாத்தாரு. திரும்பவும் உள்ள பாத்தாரு. அப்புறம் லேசா சிரிச்சாரு."

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா. என்னைப் பாத்து இல்ல. அவரா சிரிச்சுக்கிட்டாரு. கவரை மாட்டிக்கிட்டு, 'வீடு பக்கத்துலதான், வீட்டுல இருக்கு'ன்னு இறங்கிட்டாரு. 'சார், சார்'னு கூப்பிட்டேன். திரும்பல. கைய வீசிக்கிட்டுதான் போனாரு."

வராந்தாக் கோடியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிப் போனார்கள். அதன் ஒரு சக்கரம் மட்டும் கீச்சிட்டுக்கொண்டே போய், திருப்பத்தில் ஓய்ந்தது.

"எதுக்குடா கவரைக் கழட்டினான் அண்ணன்?" என்றாள் நாத்தனார்.

"சூடாகியிருக்கும் அத்தை. சூடானா சிக்னல் விட்டு விட்டு வரும்னு அப்பா சொல்லுவாரு. ஆறட்டும்னு கழட்டித் தட்டியிருப்பாரு." மகன் அம்மாவைப் பார்த்தான். "இல்லம்மா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மருந்துக்கடைக்காரர்தான் மிகவும் ஆவலாகப் பார்த்தார். அவருக்கு அந்தச் சிரிப்புக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், கடைக்குப் போய்விடுவார்.

அவள் விரல் உறையின் ஓரத்தில் இருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினால் கழன்றுவிடும். அந்த ஓரத்தையே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள்.

"அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். கைகூப்பினார். போகிறபோது ஏதோ ஞாபகம் வந்தவராகத் திரும்பி, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். நேற்று எடுத்து வைத்தது அப்படியே மேசையில் இருந்ததாம். அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லையாம். நாத்தனார் அதைப் பார்த்ததும் மறுபடி அழ ஆரம்பித்தாள். இந்த முறை நிஜமாகவே அழுதாள் போலிருந்தது. அவளைப் பார்த்து முகம் சுளிக்க இவளுக்கு இப்போது தெம்பில்லை.

ஒரு மணிக்கு மேல் கையெழுத்து வாங்கினார்கள். பதிவேட்டில் 'பெயர் தெரியாத' என்பதை எழுத்தர் அளவுகோல் வைத்து நேராக அடித்து, மேலே பெயரை எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது.

மருத்துவமனையின் பின்வாசலில் வண்டி நின்றது. பிணவறை உதவியாள் இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்து உள்ளே வைத்தார்கள். அவர் கை ஒன்று துணிக்கு வெளியே சரிந்தது. மூத்த உதவியாள் அதை எடுத்து, பதமாக, மார்மேல் வைத்தார். பிறகு கதவைச் சாத்தாமல் நின்றார்.

"தம்பி, எங்களுக்குக் கையில ஏதாவது..."

"நம்பர் சொல்லுங்கண்ணே, இப்பவே அனுப்பிடறேன்" என்று மகன் ஃபோனை எடுத்தான்.

"என்கிட்ட பட்டன் ஃபோன் தம்பி. அதுல ஹலோன்னாதான் கேக்கும்."

இளைய உதவியாள் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். மகன் தன் சட்டைப் பையைத் தட்டினான். பேன்ட்டின் முன்பக்கம், பின்பக்கம் தட்டினான். அப்பனைப் போலவே எல்லாம் காலி. அத்தையைப் பார்த்தான். அவள் கைப்பையைத் திறந்து, உதட்டுச்சாயம், சாவி, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கிளறிவிட்டு, "நானும் எல்லாம் இதுலதாண்டா" என்று ஃபோனைக் காட்டினாள்.

இவள் தன் பர்ஸைத் திறந்தாள். காலையில் வாடகைக் காருக்குக் கொடுத்ததில் முன்னறை காலியாகியிருந்தது. வண்டிக்குள் ஒருமுறை பார்த்தாள். பின்னறையின் ஜிப்பை இழுத்தாள். பாதியில் சிக்கியது. மறுபடி இழுத்தாள்.

"இந்தாங்க."

மூத்த உதவியாள் வாங்கி, ஒரு மடிப்பைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். மூன்று வருஷச் சூட்டிலும் அழுத்தத்திலும் நோட்டு வற்றல் போல ஆகியிருந்தது. நடுவில் ஒரு சிலுவைக்கோடு, அழுக்கேறிக் கறுத்து, கிழியலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார்.

"செல்லுமாம்மா இது?"

"செல்லும்" என்றாள்.

அவர் நோட்டை வண்டியின் பின்படியில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி நீவினார். கையை எடுத்தார். நோட்டு கொஞ்ச நேரம் தட்டையாகக் கிடந்தது. பிறகு ஒரு மூலை எழுந்தது. எதிர்மூலையும் மெல்ல எழுந்து, மறுபடி நாலாக மடியப் பார்த்தது.