மதிப்பெண் நோட்டு இருந்த பக்கம்

ஜாஸ்மி டீச்சரை யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்று முதல் நாளே நினைத்தேன். வட்டார வள மையத்திலிருந்து எங்கள் பள்ளி ஆசிரியர்களுக்கு உதவ வருகிறாராம். இணையத்தில் நல்ல காணொளி, படம், பயிற்சித்தாள் எல்லாம் தேடி எடுத்து வகுப்பில் பயன்படுத்துவது எப்படி என்று காட்டித் தருவாராம். வெள்ளிக்கிழமை தோறும் குலசேகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் தோட்டத்து வழியே ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, இவ்வளவு அக்கறையாக யாராவது வருவார்களா? முப்பத்தொரு வருட சர்வீஸில் நான் கண்டதில்லை.

என் பயத்துக்குக் காரணம் உண்டு. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காது பாதி. ஐந்து வருடமாக இதை ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். ஞானையன் சாருக்குக் கண் மங்கியதும் எங்கள் தலைமையாசிரியை ஓமனா டீச்சர் அவர் கையில் நூலகச் சாவியைக் கொடுத்து, "ரெஸ்ட் எடுங்க சார்" என்றார். நாலு அலமாரிக்கு நடுவே உட்கார்ந்து மனுஷர் ரெஸ்ட் எடுத்தே ஓய்ந்துபோனார். நான் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடமும் எட்டாம் வகுப்பு எனக்கு வேண்டும்.

அதனால் சில ஏற்பாடுகள் செய்திருந்தேன். பதில் தெரிந்தவர்கள் கத்தக் கூடாது, கரும்பலகையில் வந்து எழுத வேண்டும். பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் இதை ஏதோ புதிய கற்பித்தல் முறை என்று பாராட்டிவிட்டுப் போனார். சந்தேகம் கேட்பவர்கள் மேஜைக்கு வர வேண்டும். வந்தால் எப்போதும் என் வலது பக்கமாகத்தான் நிற்பார்கள். அங்கேதான் மதிப்பெண் நோட்டு இருந்தது. எட்டிப் பார்க்கிறதுகள் கழுதைகள் என்று நோட்டை இடது பக்கம் மாற்றினேன். அப்புறமும் வலது பக்கமே வந்தார்கள். இதில் வேறு ஏதோ சூது இருக்கிறது என்று மனதில் குறித்துவைத்தேன்.

வகுப்பில் மாட்டியிருந்த டிவிதான் என் சத்துரு. அது இடது மூலையில் இருந்தது. அதன் சத்தம் என்றைக்கும் எனக்கு எட்டியதில்லை. காணொளியில் பேசுகிறவரின் வாயும் தெரியாது. நுரையீரல் தெரியும், அம்புக்குறி தெரியும், என்ன சொல்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? நெட் இல்லை, கரண்ட் இல்லை, இணையத்தில் வருவதெல்லாம் தப்பும் தவறும் என்று மூன்று வாரம் ஓட்டினேன். நாலாவது வாரம் ஜாஸ்மியே பென்டிரைவில் கொண்டுவந்து போட்டுவிட்டார். அன்றைக்கு டிவியும் பேசியது, நானும் பேசினேன். பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள்.

"அடுத்த வெள்ளி நீங்களே ஒண்ணு தேடி எடுத்து நடத்துங்க ராஜையன் சார். நான் பின்னால இருந்து பாத்துக்கிடுதேன்" என்றார்.

பின்னால் இருந்து பார்ப்பதாம்! என்னைப் பிடிக்க ஓமனா டீச்சர் போட்ட திட்டம்தான் இது என்பது உறுதியாகிவிட்டது.

ஒரு வாரம் வீட்டில் போனும் கையுமாக இருந்தேன். இருபது காணொளி பார்த்து, தமிழில் எழுத்து ஓடுகிற ஒன்றைப் பிடித்தேன். ரத்த ஓட்டம், ஆறு நிமிடம். எந்த நொடியில் எந்த வால்வு திறக்கிறது என்பது வரை மனப்பாடம் செய்தேன்.

வெள்ளிக்கிழமை ஜாஸ்மி கடைசி பெஞ்சில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். வகுப்புத் தலைவி ஸ்மைலின் ரிமோட்டை அழுத்தினாள். "இப்பம் இடது கீழறை சுருங்கும், பாருங்க மக்களே" என்றேன். சுருங்கியது. இருபத்திரண்டு பிள்ளைகளும் கண் இமைக்காமல் பார்த்தார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு சந்தோஷமாக இருந்தது.

பிள்ளைகள் பையை எடுக்கும்போதுதான் டிவித் திரையின் ஓரத்தைக் கவனித்தேன். சின்ன ஒலிபெருக்கிப் படம், அதன் குறுக்கே ஒரு கோடு. ஆறு நிமிடமும் டிவி ஊமையாகத்தான் ஓடியிருக்கிறது.

நேரே ஜாஸ்மியிடம் போனேன். "நீங்கதான சத்தத்த நிறுத்தினது? எனக்குக் கேக்குதான்னு சோதிக்கணும்னா நேராக் கேட்டிருக்கலாமே டீச்சர்."

"நானா? நீங்க வேணும்னே நிறுத்தினதாக்கும்னுல்லா நெனச்சேன்" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். 'ஒலி இல்லாமல் படம் மட்டும் ஓட, ஆசிரியரே விளக்கினார். வகுப்பு முழுவதும் கவனித்தது. மற்றப் பள்ளிகளுக்கும் சொல்லலாம்' என்று எழுதியிருந்தது.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் என் சந்தேகம் என்னை விடவில்லை. ரிமோட் யார் கையில் இருந்தது?

"ஏட்டி ஸ்மைலின், இங்க வா. ரிமோட்டுல என்ன செஞ்ச?"

அவள் என்னைச் சுற்றிக்கொண்டு வந்து வலது பக்கம் நின்றாள். ஜாஸ்மியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சொல்லுட்டி!"

அவள் தொண்டையைத் திறந்து சொன்னாள். "போன வெள்ளி டிவியும் நீங்களும் ஒண்ணாப் பேசி ஒரே பெகளம் சார். ஒண்ணும் வெளங்கல்ல. டிவி பேசுதது உங்களுக்குத்தான் கேக்காதே. அதான் நிறுத்தினேன். நீங்க சொன்னா எங்களுக்கு மனசிலாவும்."

எனக்குக் கேட்கும்படி சொல்ல வேண்டுமென்றால் ஊருக்கே கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். வராந்தாவில் போன பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேக்காதுன்னு எப்பம் தெரியும்?"

"ஆறாங்கிளாஸுல வந்தப்பமே அக்காமாரு சொல்லித்தந்தாவ சார். ராஜையன் சாருட்ட போனா வலது பக்கம்தான் நிக்கணும்னு."

ஐந்து வருடத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் முகமும் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாது என்று நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"எழுதினத வெட்டிருங்க டீச்சர்" என்றேன். "ஓமனா டீச்சருட்ட நானே சொல்லீருதேன்."

ஜாஸ்மி எழுந்து, சுற்றி வந்து, ஸ்மைலின் பக்கத்தில் நின்றார். "எதுக்கு வெட்டணும்? எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லியே. ஓமனா டீச்சருட்டயும் ஒண்ணும் சொல்லாண்டாம் சார். சாருக்க வலது பக்கம் நின்னு பேசணும்னு மொத நாளே சொல்லித்தான் என்ன இந்தக் கிளாஸுக்கு அனுப்பினாவ."

ஓமனா டீச்சர்தான் ஏவிவிட்டிருக்கிறார். என் சந்தேகங்களில் அது ஒன்றுதான் சரி.

நான் மேஜைக்குப் போய், மதிப்பெண் நோட்டை எடுத்து, பழையபடி வலது பக்கம் வைத்தேன்.