குடித்த கால்

தோரு ஆற்றின் மேல் மூடுபனி விலகுமுன்பே திராட்சைப் பெட்டி இடலினாவின் வலது தோளில் ஏறிவிட்டது. அதன் விளிம்பு பழைய தழும்பில் போய் உட்கார்ந்தது. கற்சரிவு ஈரத்தில் வழுக்கியது. சாறு ஒழுகிய கழுத்தில் குளவி ஊர்ந்தது, அவள் தட்டிவிடவில்லை. சில அறுவடைகளாகவே அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை.

பாதி வழியில் இடது கால் வெளிப்பக்கமாக மடங்கியது. கொஞ்சம் பழம் சிந்தியது. கணுக்காலின் வெளிப்புறத்தில் சுரீரென்று ஏறிய வலி, வழக்கம்போல மரத்துப்போனது.

"பாருங்கடா, விடியுமுன்னாடியே இடலினா காலு குடிச்சிருச்சு!" என்று மேலிருந்து கத்தினான் கங்காணி அடெரிட்டோ. "இன்னொரு தடவ சிந்துனே, நாளைக்கு வர வேணாம்."

வரிசை சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். அந்தச் சரிவுகளில் கால் பிசகினால் அப்படித்தான் சொல்வார்கள். குடித்த காலுக்கு யார் இரக்கப்படுவார்கள்? வினிகரில் தோய்த்த துணியைச் சுற்றி, பூட்ஸை இறுக்கி, வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அறுவடை வேலை போனால் குளிர்காலத்தில் அவள் வீட்டு அடுப்பு எரியாது.

ஞாயிறு கழிந்தும் வீக்கம் வடியாமல் போகவே, மறுநாள் மாலை ஊர் மருத்துவமனையில் உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கும் கிராசியெட் அவள் காலைத் திருப்பி அழுத்திப் பார்த்தாள்.

"எலும்பு ஒடையலக்கா. எலும்பையும் எலும்பையும் கட்டிவச்சிருக்கிற வெளிப்பக்கத்து நாரு, பிசகிப் பிசகித் தளந்துபோச்சு. கால் எப்படி நிக்குதுன்னு ஒடம்புக்கே சரியாத் தெரியல. அதான் சும்மா நடந்தாலும் மடங்குது."

"இறுக்கிக் கட்டிக்கிறேனே."

"கட்டு தாங்கும், கொணமாக்காது. தெனமும் ஒத்தக் கால்ல நின்னு பழகுங்க. ரப்பர் பட்டைய மாட்டி பாதத்த வெளிப்பக்கமாத் தள்ளுங்க. தேர்ற வரைக்கும் சரிவுல சொம தூக்கக் கூடாது. அப்பவும் அடங்கலன்னா ஸ்கேன் எடுப்போம்." கிராசியெட் நிமிர்ந்தாள். "ஏன் எப்பவும் எடது காலு? சொமையோட எப்படிப் போவீங்க?"

"சரிவுக்குக் குறுக்கால நடப்போம். ஆறு எடது பக்கம் இருக்கும். மேற்கு முனையில பழம் ஏத்துற டிராக்டர் வண்டி நிக்கும். வெறுங்கையோட திரும்புவோம்."

கிராசியெட் தன் உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினாள். "அப்போ பள்ளத்துப் பக்கம் எப்பவும் எடது காலு. பாரமெல்லாம் அதோட வெளி ஓரத்துல."

மறுநாள் மதியம், ரொட்டியும் மத்தி மீனும் பிரித்து உட்கார்ந்தபோது, இடலினா பூட்ஸைக் கழற்றித் துணியை அவிழ்த்தாள். வீங்கிய கணுக்கால் எல்லோர் முன்னும் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை. சுமைகாரர்களிலேயே பெரிய ஆளான பெல்மிரோ மீனைக் கீழே வைத்தான். மெல்லத் தன் பூட்ஸைக் கழற்றினான். பிறகு சுல்மிரா. பிறகு அவள் புருஷன். வெயிலில் வினிகர் நெடி எழுந்தது. அத்தனையும் இடது கால்.

"அடப்பாவிங்களா," என்றான் பெல்மிரோ, "ஒருத்தன ஒருத்தன் கேலி பண்ணியே காலத்த ஓட்டிட்டோமே!"

சாயங்காலம் முதலாளி லோரென்சோவைச் சூழ்ந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வண்டி கிழக்கு முனையில் நிற்க வேண்டும்; அன்றைக்காவது பாரம் வலது காலுக்கு மாறும். கால் தேறும்வரை நோவுள்ளவர்களுக்குக் கூலி குறையாமல் பழம் தரம்பிரிக்கும் வேலை.

"கிழக்குல விருந்தாளிங்க விடுதி இருக்கு. காலங்காத்தால டிராக்டர விட்டு அவங்க தூக்கத்தக் கெடுக்கவா?" லோரென்சோ சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!"

"இங்க கூடம் நெசமாவே கோணல் மொதலாளி," என்றாள் இடலினா. அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அடுத்த விடியலில் பெட்டிகள் சரிவில் காலியாகக் கிடந்தன. விடுதி முற்றத்தில் அத்தனை பேரும் வெறுங்காலோடு ஒற்றை இடது காலில் நின்றார்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

லோரென்சோ செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தார். "என்ன கூத்து இது?"

"வைத்தியம் மொதலாளி," என்றான் பெல்மிரோ.

"பழம் வெயில்ல வெம்பிடும்! எப்ப வேலைக்குப் போவீங்க?"

"வண்டி இந்தப் பக்கம் வந்ததும்."

"எல்லாரையும் மாத்தி வேற ஆளக் கொண்டாருவேன்!"

"கொண்டாங்க. அவங்களுக்கும் எடது காலு இருக்குமில்ல?" என்றாள் சுல்மிரா.

லோரென்சோ உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வண்டி மேற்கிலேயே நின்றது. இடலினாவின் கால் வெடவெடவென்று நடுங்கியது. பெல்மிரோ தோளைக் கொடுத்தான். அவன் மறுதோளைச் சுல்மிரா பிடித்துக்கொண்டாள். கணுக்கால் வலித்தது. இந்தத் தடவை மரத்துப்போகவில்லை. வலிக்கட்டும் என்று அவள் நின்றாள்.