போர்வைக்கு வெளியே ஒரு பாதம்

வெளியே நீட்டிக்கொண்டிருந்த அப்பாவின் பாதத்தைப் பெவர்லி போர்வைக்குள் தள்ளினாள். அது மறுபடியும் வெளியே வந்தது. கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்கி, தரையைத் தேடியது.

"எங்கப்பா கெளம்பிட்டீங்க?"

அப்பா கிளிஃபர்ட் ஓல்ட்ராய்டுக்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. கண்கள் மட்டும் பாதி திறந்திருந்தன. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் அவள் சற்றுமுன் பக்கத்து அறைக் கிழவர் கிரிம்ஷாவின் கதையைச் சொன்னாள். "பாதிரியார் ஜெபம் பண்ண வந்தாராம். கிரிம்ஷா அவர கேஸ் மீட்டர் பாக்க வந்த ஆளுன்னு நெனச்சு, 'மீட்டர் கீழ இருக்கு'ன்னாராம். பாதிரியாரும் மண்டி போட்டுக் கட்டிலுக்கு அடியில பாத்தாராம்."

அப்பாவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பாதம்தான் வெளியே வந்தது.

நர்ஸ் வந்து பார்த்தாள். "கடைசியில இப்படி ஒரு பதட்டம் வரும், கண்ணு." போர்வையை இழுத்து மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். "இனிமே வராது."

வரவில்லை. இருட்டுவதற்குள் அவர் போய்விட்டார்.

ஒரு காலத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம் அடுப்பில் இறைச்சி வேகும் நேரத்தில், தெரு முழுக்க வானொலியில் அவர் குரல்தான் கேட்கும். நகைச்சுவை நிகழ்ச்சி; ஒரு நண்பரோடு சேர்ந்து எழுதி அவரே பேசுவார். சுவருக்கு அந்தப் பக்கம் அண்டை வீட்டார் விழுந்து விழுந்து சிரிப்பது பெவர்லிக்குக் கேட்கும். வீட்டுக்குள் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஒன்பது வயதில் ஒருநாள், தலைமையாசிரியையின் பொய்முடி காற்றில் பறந்து பள்ளி வேலியில் மாட்டிக்கொண்டதையும், அந்த அம்மாள் அதற்கு 'குட் மார்னிங்' சொல்லிவிட்டு நடந்ததையும் மூச்சு வாங்கச் சொன்னாள். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். தண்ணீர் விழும் சத்தமும், கெட்டிலை அடுப்பில் வைக்கும் சத்தமும் கேட்டன.

அதற்குப் பிறகும் சில தடவை முயன்றாள். ஒவ்வொரு தடவையும் நாற்காலி காலியானது. ஊரையே சிரிக்க வைக்கிறவருக்குத் தன் பேச்சு சலிக்கிறது என்று புரிந்துகொண்டு, சொல்வதை நிறுத்திவிட்டாள். வளர்ந்து வேறு ஊருக்குப் போன பிறகு தொலைபேசியில் பேசியதெல்லாம் மழையைப் பற்றித்தான்.

அதனால்தான், இறுதிச் சடங்குக்கு முன்னால், "மகளா நீங்க ரெண்டு வார்த்தை பேசறீங்களா?" என்று பாதிரியார் கேட்டபோது, "எனக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்றாள்.

தகன மண்டபத்தில், கடைசியில் பெட்டியை மறைக்கும் திரை பாதியில் சிக்கிக்கொண்டது. சவப்பெட்டியின் கால்மாடு வெளியே தெரிந்தது. சடங்கை நடத்திய கறுப்புக் கோட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு போய்க் கையால் இழுத்தார். திரை கம்பியோடு அவர் தோளில் இறங்கியது. யாரும் சிரிக்கத் துணியவில்லை.

பிறகு மதுக்கடையின் மாடியில் தேநீரும் ரொட்டியும். அப்பாவோடு சேர்ந்து எழுதிய மாரிஸ் பீல், கைத்தடியை நாற்காலியில் மாட்டிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்கப்பன் என்னை ரொம்பப் படுத்தியிருக்கான், பெவ். ஒரு வாரம் முழுக்கத் தொண்டை காஞ்சு கெடந்திருக்கேன்."

"ஏன் மாரிஸ்?"

"எழுதுறப்ப நாங்க சிரிக்க மாட்டோம். எழுதுறவன் சிரிச்சா வரி செத்துடும்னு ஒரு நம்பிக்கை, பைத்தியக்காரத்தனம்தான். ஒருத்தன் ஒண்ணு சொல்லுவான். நல்லா இருந்தா மத்தவன் வாயத் தொறக்காம எந்திரிச்சுப் போய் டீக்குக் கெட்டிலப் போடணும். அதான் சட்டம். நான் சொன்னதுக்கு அந்தக் கல்லுளிமங்கன் எந்திரிச்சதே அபூர்வம். அவன் சொன்னதுக்கு நான் எந்திரிச்சு எந்திரிச்சே முட்டி தேஞ்சுபோச்சு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெவர்லியின் கையில் கோப்பை சாய்ந்தது. தேநீர் தட்டில் வழிந்ததை அவள் கவனிக்கவில்லை.

"வீட்ல எப்படி?" என்றார் மாரிஸ். "வீட்லயாவது எந்திரிப்பானா?"

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எந்திரிப்பார்" என்றாள்.

அன்று மாலை அப்பாவின் வீட்டைத் திறந்தபோது உள்ளே குளிர்ந்து கிடந்தது. கணப்பை மூட்டவில்லை, கோட்டையும் கழற்றவில்லை. மருத்துவமனையில் கொடுத்த பையிலிருந்து அவருடைய செருப்புகளை எடுத்து, நாற்காலிக்கு முன்னால், எழுந்தால் கால் நுழைகிற மாதிரி வைத்தாள். எதிரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னிக்கு அந்தத் திரை இருக்கே..."

கறுப்புக் கோட்டுக்காரர் செருமியதை, கம்பி இறங்கியதை, எதையும் விடாமல், அவசரப்படாமல் சொன்னாள். கடைசி வரிக்கு முன்னால், வானொலியில் அவர் நிறுத்துகிற மாதிரியே கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அதையும் சொன்னாள்.

சொல்லி முடித்துவிட்டு, சமையலறைப் பக்கம் திரும்பாமல், காதை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.