வினாடிக்கு எண்பது எம்பி

1.

இந்தக் கதை ஒரு துண்டறிக்கையில் பிறந்தது. ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு கேட்டில் யாரோ செருகிவிட்டுப் போன இன்டர்நெட் விளம்பரம். ‘வினாடிக்கு 80 எம்பி வேகம்’ என்று இருந்தது. மெகாபிட்டா, மெகாபைட்டா? எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். இதை எழுதியவருக்கு ராத்திரி தூக்கம் வருமா என்று யோசித்தேன். அப்படித்தான் பவித்ரா வந்து சேர்ந்தாள்.

2.

‘காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது பவித்ராவுக்கு...’

(வேண்டாம். பாலம் வந்தால் நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.)

பவித்ரா தில்லைநகரில் ஒரு இன்டர்நெட் கம்பெனிக்குத் துண்டறிக்கை எழுதுகிறவள். கேபிள் இழுக்கிறவர்கள் வேகத்தையும் எம்பி என்பார்கள், வீடியோவின் அளவையும் எம்பி என்பார்கள். ஜனங்கள் பேசுவதுபோலவே இருக்கட்டுமே என்று அவளும் இரண்டுக்கும் அதையே போட்டாள். நல்ல மனசோடுதான் போட்டாள்.

3.

முசிறி விஜயராணி அதை நம்பினார். டீச்சர் வேலைக்காகப் பாடம் நடத்திக் காட்டிய வீடியோ, 4800 எம்பி. எண்பதால் வகுத்தார், ஒரு நிமிடம். மாலை ஐந்து மணி கெடு. மூன்று நிமிடம் இருக்கும்போது அனுப்பினார்.

எட்டு நிமிடம் பிடித்தது; ஐந்து மணி ஆனபோது திரையில் நீலக்கோடு முப்பத்தேழு சதவீதத்தில்தான் இருந்தது. வேலை போயிற்று. (நானும் இரண்டு முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்: வேகம் பிட்டில், வீடியோ பைட்டில், எட்டு மடங்கு.)

4.

விஜயராணியின் புகார் பவித்ராவின் மேசைக்கு வந்தது. அன்றே அவள் ஒரு பட்டியல் போட்டாள்: வேகத்துக்கு ‘மெ.பிட்/வி’, அளவுக்கு ‘மெ.பைட்’. எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி. பத்து நிமிட வேலை. இதை முன்பே செய்திருக்கலாமே என்று அழுகை வந்தது.

மேனேஜர் ரெங்கராஜ் பட்டியலுக்குச் சரி சொன்னார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “அந்தம்மாகிட்ட லைன் வீக்கா இருந்துச்சுன்னு சொல்லிடும்மா. தப்பு நம்மளதுன்னு சொன்னா மட்டும் வேலை திரும்பக் கெடைச்சிடுமா?”

பவித்ரா புகாரில் இருந்த போன் நம்பரைக் குறித்துக்கொண்டாள். நான் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

5.

ஒரு முடிவில் லைன் வீக் என்று சொல்லிவிடுகிறாள். இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறாள், விஜயராணி சிரித்து மன்னித்துவிடுகிறார். (அடித்துவிட்டேன். அது என் சௌகரியத்துக்கு எழுதியது.)

மூன்றாவதில், வேண்டாம் என்ற பாலம் தானாக வந்துவிட்டது. சாயங்கால பஸ். ஜன்னலோரம் பவித்ரா. கீழே காவிரி நகர்கிறதா நிற்கிறதா தெரியவில்லை. மலைக்கோட்டை பின்னால் மிதந்து போகிறது. முப்பத்தேழு சதவீதத்திலேயே நிற்கும் அந்த நீலக்கோடு தண்ணீரில் நீளமாகக் கிடக்கிறது, அவள் கண்ணுக்கு மட்டும். அவள் போன் போடுகிறாள்.

“சொல்லுங்க” என்கிறார் விஜயராணி.

நீங்கள் இதைப் படிக்கத் தொடங்கி ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகிறது. அவருக்கும் அவ்வளவுதான் இருந்தது. போன் இப்போது உங்கள் கையில். பேசுங்கள்.