உர ஸ்டோருக்குக் காவல்

வீடில்லாதவர்களுக்குச் சேவை செய்யவென்று கோலாலம்பூரிலிருந்து வேன் பிடித்து வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு, எங்கள் மலையூரான தானா ராத்தாவில் வீடில்லாதவர் ஒருவர்கூட அகப்படவில்லை. பஸ் நிலையத்தில் ஒரு குடிகாரன் படுத்திருந்தானாம். அவனை எழுப்பி ரொட்டியும் சூப்பும் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மாடி வீடே இருக்கிறது, பெண்டாட்டிதான் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள், முடிந்தால் அவளிடம் போய்ப் பேசுங்கள் என்று விரட்டியிருக்கிறான் அவன். தாப்பாவிலிருந்து வளைவுக்கு வளைவு வாந்தியெடுத்து மலையேறி வந்ததெல்லாம் வீணாகிவிடுமே என்ற கவலையில்தான் அவர்கள் எங்களைப் பிடித்தார்கள்.

எங்களை என்றால் என்னையும் என் வீட்டுக்காரரையும். என் பெயர் வடிவம்மாள், அவர் சிங்காரம். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து கிள்ளினேன், அவர் செடிக்குக் கவ்வாத்து வெட்டினார். இருவருக்கும் சிவப்பு அடையாளக் கார்டு, பிரஜை இல்லை என்று அர்த்தம். பிரஜை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. சில வருடம் கொடுத்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். பெர்மிட் போனால் வேலை போகும், வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பாய், சட்டி, சாமி படம் எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துக்கொண்டு நின்றோம்.

தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் நாகரத்தினம் வாயைத் திறந்தால் ஏச்சுத்தான் வரும். ஆனால் அன்றைக்கு அவர்தான் சாலை வளைவிலிருந்த பழைய உர ஸ்டோரின் சாவியை என் காலடியில் போட்டார்.

"போயி அங்க காவலுக்கு இருங்க. யாரு கேட்டாலும் காவல்னு சொல்லு. குடியிருக்கேன், தங்கியிருக்கேன்னு ஒரு வார்த்த வாயில வந்துச்சு, நானே வந்து வெளிய தள்ளிருவேன்."

சம்பளம் கிடையாது. காவல் காக்கவும் ஒன்றும் கிடையாது. கிழிந்த கூடைகளும், காலிச் சாக்குகளும், மூக்குப் போன ஒரு மருந்து பம்பும் கிடந்தன. திருடன் வந்திருந்தால் பாவப்பட்டு ஏதாவது வைத்துவிட்டுப் போயிருப்பான். லெம்பா பெர்த்தாமில் சீனர்களின் காய்கறித் தோட்டத்தில் கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ், வெட்டப் போய்க் கஞ்சி குடித்தோம், ஸ்டோரில் வந்து படுத்தோம்.

துரை ஒருநாள் அடுப்புப் புகையைப் பார்த்துவிட்டுக் காரை நிறுத்தி விசாரித்தார். காவல் என்று கிராணியார் சொன்னதும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். துரை ஒன்றும் முட்டாள் இல்லை. குடியிருக்கிறார்கள் என்று யாராவது அவர் முகத்துக்கு நேரே சொன்னால் அவர் எங்களை வெளியேற்றியாக வேண்டும். யாரும் சொல்லாதவரை அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. இப்படியே சில மழைக்காலங்களை ஓட்டினோம். காவல் என்ற அந்தச் சொல் போனால் எங்களுக்குப் போக்கிடமில்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறந்ததில்லை.

எழுபத்தெட்டாம் வருடம் டிசம்பர் மாதம், அந்த வேன் வந்தது.

தலைவன் பெயர் தோமஸ். பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்வான், காதுவலி வந்தவனைப் போல. அது இரக்கமாம். கூடவே மேவிஸ் என்று ஒரு பெண். அவள் தமிழை வெந்நீரை வாயில் வைத்திருப்பவள்போலப் பேசினாள். இன்னும் நாலைந்து பேர் கிதாரும் கேமராவுமாகப் பின்னால் நின்றார்கள். ஊர் பேர் கேட்பதற்கு முன்னால் என்னைப் படம் பிடித்துவிட்டார்கள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு வீடு இல்லன்னு கேள்விப்பட்டோம்" என்றான் தோமஸ்.

"எவன் சொன்னான்?"

"வெக்கப்படாதீங்க. நாங்க ஹெல்ப் பண்ணத்தான் வந்திருக்கோம்."

"நாங்க ஸ்டோருக்குக் காவல், தம்பி. கிராணியார் போட்ட காவல்."

"அப்ப எங்க தூங்குவீங்க?"

"காவல்காரங்க வேற எங்க தூங்குவாங்க? காவல் காக்கிற எடத்துலதான்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "இங்க காவல் காக்க ஒண்ணுமே இல்லயே, ஆன்ட்டி."

"அதான் இதுவரைக்கும் ஒண்ணும் திருடு போகல."

கூட யார் இருக்கிறார்கள் என்று மேவிஸ் கேட்டாள். என் வீட்டுக்காரரு கோபிஸ் வெட்டப் போயிருக்காரு என்றேன். "ஓ, இதுக்கு வீட்டுக்காரரு இருக்காரா? வாடக எவ்ளோ கேக்கிறாரு?" என்றாள். தோமஸ் அவள் காதில் ஏதோ சொன்னான், அவள் முகம் சிவந்துபோயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட வாடகையை அந்தப் பெண்ணுக்கு நான் எப்படிச் சொல்வது?

பிறகு தோமஸ் ஜெபம் பண்ணினான். என் வாசலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, இந்தத் தாயின் பெருமையை உடைத்தருளும் என்று என்னைப் பற்றி ஆண்டவரிடம் கோள் சொன்னான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைச் செடி. நடுவில் என்னைப் பெட்டிமேல் உட்காரவைத்து, நூலில் கட்டிய தேயிலைப் பொட்டலத்தை வெந்நீரில் முக்கிக் கொடுத்து, குடிங்க ஆன்ட்டி, சூடா இருக்கும் என்றார்கள். ஒரு மூட்டை பழைய துணியும் கொடுத்தார்கள். அதில் கழுத்தில் கட்டும் டை இரண்டு இருந்தன. கடலில் குளிக்கப் போடும் உடுப்பு ஒன்று இருந்தது. அதை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்தேன். குளிருக்கு ஆகிறமாதிரி இருந்தது ஒரு கோட்டும் சில கம்பளியும்தான்.

மறுநாள் நான் விறகு பொறுக்கிக்கொண்டு திரும்பி வந்தால், ஸ்டோர் கதவு நீல நிறத்தில் பளபளக்கிறது. மேலே ஒரு பலகை. 'அன்பு இல்லம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு புறாவும் வரைந்திருந்தார்கள். சாலையில் போகிற காய்கறி லோரிக்காரன் வரைக்கும் படித்துவிட்டுப் போகலாம்.

"இதக் கழட்டு தம்பி" என்றேன்.

"பெயின்ட் இன்னும் காயல, ஆன்ட்டி."

தோமஸ் சிரித்தான். எனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டான். அவர்கள் போனதும் நானே பெட்டிமேல் ஏறிக் கழற்றினேன். நல்ல பலகை, அடுப்பில் நின்று எரிந்தது. கதவை என்ன செய்வது? சேற்றைக் குழைத்துப் பூசினேன். அன்றைக்குப் பெய்த மழை அதையும் கழுவிவிட்டது.

அதைவிடப் பெரிய கேடு அதற்கடுத்த நாள் நடந்தது. தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தோமஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், மேவிஸ் மூக்கை உறிஞ்சுகிறாள். "எங்களுக்கு வீடு இல்ல தம்பி, போக்கத்துப் போயி இங்க கெடக்கிறோம்" என்று அவர் தேம்பித் தேம்பி அழுகிறார். கேமராக்காரன் முட்டி போட்டுப் படம் பிடிக்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாளித் தண்ணீரை அத்தனை பேர் தலையிலும் கொட்டியிருப்பேன். மறுபடி பிடிக்க யார் போவது என்றுதான் விட்டேன்.

அவர்கள் வேனுக்குப் போனதும் கேட்டேன். "ஏன் சொன்னீங்க?"

"கேட்டான்லா."

"கேட்டா சொல்லிருவீங்களா?"

"இத்தன வருசத்துல ஒருத்தனும் கேக்கல, வடிவு."

அது உண்மை. தோட்டத்தில் எல்லோரும் எங்களைக் காப்பாற்றினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. நானும் அவரைக் கேட்டதில்லை. அழுவதற்கு அவருக்கு இந்தத் தலைசாய்த்த பயல்தான் கிடைத்தான் என்று நினைக்கையில் எனக்கு நெஞ்சு எரிந்தது.

வேன் கிளம்புமுன் ஓடிப்போய்த் தோமஸைப் பிடித்தேன். பெருமையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"தம்பி, அவரு சொன்னத யாருகிட்டயும் சொல்லாத. துரை காதுல விழுந்தா எங்கள வெளிய போட்டுருவாங்க. காவல்னு இருக்கிறவரைக்கும்தான் இந்தக் கூர. வெளங்குதா?"

"கவலப்படாதீங்க, ஆன்ட்டி. துரைய நாங்க பாத்தோம். ரொம்ப நல்லவரு. அவரும் கிறிஸ்டியன்தான்."

"நல்லவரோ கெட்டவரோ, நீ வாயத் தொறக்காத."

"நீங்க பயப்படவே வேணாம்லா" என்று என் தோளைத் தட்டினான். சொல்ல மாட்டேன் என்று மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தோட்டத்து மண்டபத்தில் அவர்களுக்கு வழியனுப்புக் கூட்டம். லயத்துச் சனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், தேத்தண்ணியும் கேக்கும் உண்டென்று. துரையும் துரைசானியும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கிராணியார் கதவோரம் நின்றார். நான் பின்பெஞ்சில் இருந்தேன். என் வீட்டுக்காரரை முன்னாலேயே அழைத்துப்போய் மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் அந்தக் கோட்டோடு, தலைக்கு எண்ணெய் தடவி வாரிக்கொண்டு, பரிசு வாங்க வந்த பிள்ளைபோல இருந்தார்.

தோமஸ் முதலில் இங்கிலீஷிலும் பிறகு தமிழிலும் பேசினான். ஆண்டவர் எங்களை இங்கே அனுப்பிய காரணத்தைக் கண்டுகொண்டோம் என்றான். மாடுகூடப் படுக்காத உர ஸ்டோரில் இரண்டு மனித ஆத்துமாக்கள் குடியிருக்கிறார்கள் என்றான். அங்கிள், மேலே வாங்க என்று கூப்பிட்டான். அவர் ஏறிப்போய்க் கைகூப்பி நின்றார். துரை மெதுவாகத் திரும்பிக் கிராணியாரைப் பார்த்தார். கிராணியார் தரையைப் பார்த்தார்.

துரை எழுந்தார். அவர் இங்கிலீஷில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தோமஸ் குரலை உயர்த்தித் தமிழில் சொன்னான்.

"இத எங்க கவனத்துக்குக் கொண்டுவந்ததுக்குத் துரை நன்றி சொல்றாரு... அந்த எடம் மனுசங்க இருக்கிற எடமில்ல, என் தோட்டத்துல இப்படி நடக்கிறது எனக்கு வெக்கம்னு சொல்றாரு... நாளைக்குக் காலையிலயே அந்த ஸ்டோரப் பூட்டச் சொல்லிட்டாரு. இனிமே ஒரு மனுசனும் அங்க படுக்க மாட்டான்!"

பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேவிஸ் அல்லேலூயா என்று கத்தினாள். லயத்துச் சனங்களில் ஒருவர் கையும் அசையவில்லை. மேடையில் என் வீட்டுக்காரரும் சிரித்துக்கொண்டே கைதட்டினார். அடுத்து எந்த லயத்தில் எத்தனையாவது வீடு என்று துரை சொல்லப்போகிறார் என்று அவர் காத்திருந்தார், பாவம். துரையின் பேச்சு அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்தேன். "தம்பி, துரைகிட்ட கேளு. ஸ்டோரப் பூட்டிட்டா நாங்க எங்க போறது?"

கைதட்டல் நின்றது. தோமஸ் என்னைப் பார்த்தான். அவன் தலை நேராக இருந்ததை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அவனுக்கு விளங்கிவிட்டது. துரை அவன் பக்கம் திரும்பி, என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். அவன் உதட்டை நக்கிக்கொண்டான்.

"ஷி ஸேஸ் தேங்க் யூ, சார்."

எனக்கு இங்கிலீஷ் தெரியாதுதான். தேங்க் யூகூடத் தெரியாமல் நான் ஒன்றும் காட்டில் பிறந்து வளரவில்லை. துரை என்னைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார். துரைசானியும் சிரித்தாள்.

பெஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன். எனக்கும் துரைக்கும் பொதுவாக இருந்தது மலாய் ஒன்றுதான். இந்தப் பயலை நம்பி இனி ஒரு சொல்லையும் அனுப்ப முடியாது.

"துவான்," என்றேன், "சாயா தாடா ருமா."

வீடு இல்லை என்று என் வாயால் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கிராணியாரிடம்கூடச் சொன்னதில்லை.

துரையின் சிரிப்பு மாறவில்லை. "தாவு, தாவு" என்றார். தெரியும், தெரியும். இந்தப் பையன் எல்லாம் சொன்னான் என்று மலாயிலேயே சொல்லி, தோமஸின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, துரைசானியை அழைத்துக்கொண்டு காருக்குப் போனார்.

மேடையில் என் வீட்டுக்காரர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். வாங்க போவோம் என்றேன். என்ன வீடு கொடுத்தாங்க என்று கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன். தோமஸ் எங்கள் முன்னால் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது, தலை மறுபடி சாய்ந்திருந்தது.

"ஆன்ட்டி, சேந்து ஜெபம் பண்ணுவமா?"

"நீ பண்ணு தம்பி. எனக்குச் சாமான் கட்டணும்."

அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான்.