காகிதத்தில் ஒரு சோபா

மேவிஸின் அடக்கம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்தவர்கள் நான்கு பேர்: மகள் லொரெய்ன், மகன் ரஸ்ஸல், பழைய வீட்டுக்கு அடுத்த வீட்டு நோரீன், நகரசபைப் பெண் ஜில்லியன். நான்காவது ஆளை யார் அழைத்தது என்று ரஸ்ஸல் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

"நான்தான்டா வரச் சொன்னேன். சாவியை இன்னிக்கே குடுத்துடலாம்னு," என்றாள் லொரெய்ன்.

கட்டிலும் அலமாரியும் நேற்றுக் காலையிலேயே போயிருந்தன. மிச்சமிருந்த நாற்காலிகள் இரண்டு. ரஸ்ஸல் சுவரில் சாய்ந்து, ஜில்லியன் ஹாம் சாண்ட்விச் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் தின்றாள்.

வார்ட்லி ரோட்டில் நகரசபையின் மூன்று படுக்கையறை வாடகை வீட்டில் நாற்பத்தொரு வருடம் இருந்தவள் அம்மா. ரஸ்ஸல் மணமுறிவுக்குப் பிறகு ஒரு முறையும், கிடங்கில் ராத்திரி வேலையை விட்டபோது ஒரு முறையும் அங்கே திரும்பி வந்திருக்கிறான். இரண்டாம் முறை நான்கு வருடம் இருந்தான். வசந்த காலத்தில் ஹல் நகரத்துக்காரி ஒருத்தியோடு போனான். அது முறிந்து, போன மாதம் பையோடு பழைய வீட்டுக்கு வந்து மணியடித்தபோது, கதவைத் திறந்தது கைக்குழந்தையோடு ஒரு புதுப் பெண். அம்மா இந்த ஒற்றை அறைக்கு வந்து ஒன்பதே வாரத்தில் செத்துப்போனாள்.

"எத்தனை கிழவிங்கள இப்படிப் பெரிய வீட்டவிட்டுக் கிளப்பினீங்க இந்த வருஷம்?" என்றான்.

"ரஸ்ஸல்," என்றாள் லொரெய்ன்.

"கேக்கட்டும். பதினொரு பேரு," என்றாள் ஜில்லியன். "சின்ன வீடு போதும்னு கேட்டு வந்தவங்கள மட்டும்தான்."

"எங்கம்மா கேட்டாளாக்கும். திங்கக்கிழமை புகார் எழுதப்போறேன். சோபா-கட்டில் இங்க கொள்ளாதுன்னு சொல்லி அதையும் தூக்கிப்போட வச்சிருக்கீங்க. அம்மாவே போன்ல சொன்னா. 'அந்தப் பொண்ணு அளந்து பாத்துட்டா, கொள்ளாதுடா'ன்னு."

நோரீன் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். "இருந்திருந்தா ராசா அதுல கால நீட்டிப் படுத்திருப்பாரு," என்று கோப்பையிடம் சொன்னாள்.

ஜில்லியன் எழுந்துபோய்ச் சமையல் அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பக்கம் இந்த வீட்டின் வரைபடம் ஒட்டியிருந்தது. அதன்மேல் அதே அளவுக் கணக்கில் வெட்டிய காகிதத் துண்டுகள்: கட்டில், அலமாரி, இரண்டு நாற்காலி, தையல் மெஷின். வீடு மாறுகிற எல்லோருக்கும் அவள் வெட்டிக் கொடுப்பாளாம். எது எங்கே என்று அவர்களே நகர்த்தி வைத்துப் பார்ப்பார்களாம்.

வரைபடத்தில் ஜன்னலுக்குக் கீழே காலியாக இருந்தது.

வரைபடத்தின் பின்னால் ஒரு உறை செருகியிருந்தது. ரஸ்ஸல் அதை உருவிக் கையில் கொட்டினான். வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகள். சாப்பாட்டு மேசை. அப்பாவின் வேலைப்பெஞ்ச். கடைசியில் நீளமாக ஒன்று. அதில் ஜில்லியனின் அச்செழுத்தில் 'சோபா-கட்டில்' என்றிருந்தது. அதை அடித்துவிட்டுப் பென்சிலால், சாய்ந்த எழுத்தில், அம்மா எழுதியிருந்தாள்: ரஸ்ஸல்.

அவன் அதை வரைபடத்தில் ஜன்னலுக்குக் கீழே வைத்தான். பொருந்தியது. ஒரு விரற்கடை இடம்கூட மிச்சமிருந்தது.

"நீங்கதான எடுத்தீங்க?"

ஜில்லியன் லொரெய்னைப் பார்த்தாள். லொரெய்ன் சாண்ட்விச் தட்டைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே துடைத்த தட்டு.

"நான் ரெண்டு தரம் வச்சேன்," என்றாள் ஜில்லியன். "ரெண்டு தரமும் உங்கம்மாதான் எடுத்தாங்க."

நோரீனுக்குக் கோட்டு மாட்டிவிட்டாள் லொரெய்ன். வெளியே போய் அவளைக் காரில் ஏற்றினாள். காரில் இன்னும் இரண்டு இடம் இருந்தது. லொரெய்ன் பின்கதவைத் திறக்கவில்லை.

நேற்று ராத்திரி அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ரஸ்ஸல் தரையில் படுத்திருந்தான். போர்வையை மடித்துப் பைக்குள் திணித்தான். காகிதத் துண்டை உறைக்குள் போட்டு, உறையை இருந்த இடத்திலேயே செருகினான்.

"வேற எதாவது எடுக்கணுமா?" என்று வாசலில் கேட்டாள் ஜில்லியன்.

"இல்ல."

அவன் பையோடு படியிறங்கினான். அவள் கதவைச் சாத்திப் பூட்டினாள். பிறகு பிடியை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.